யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? | கலைவாணர் பிறந்தநாள் பதிவு



இன்று நவம்பர் 29. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தநாள்.

காலையிலிருந்து நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் அவர் படம் போட்ட போஸ்டர் வந்துக்கிட்டே இருக்கு. "புகழ் வணக்கம்"னு ஒரு வரி, கீழே போட்டவங்க பேரு, மாவட்டம். நல்ல விஷயம்தான். ஆனா நம்ம அணியில இப்போ வேலை செய்றவங்கள்ல பாதிப் பேர் 2000-க்கு அப்புறம் பிறந்தவங்க. கலைவாணர் யாருன்னு கேட்டா, "பழைய பிளாக் அண்ட் ஒயிட் காமெடி நடிகர், சென்னையில அவர் பேர்ல ஒரு அரங்கம் இருக்கு" என்கிற அளவோட நின்னுடுது. அதனால இந்த வருஷம் போஸ்டரோட சேர்த்து ஒரு பதிவும் போடலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ல போகும்போதாவது முழுசா படிச்சிடுங்க.

இதை நாம குறிப்பாகப் படிக்க ஒரு காரணம் இருக்கு. நாம தினமும் பண்றது என்ன? மீம், ட்ரோல், ரீல்ஸ், டெம்ப்ளேட். சுருக்கமா சொன்னா, சிரிக்க வைத்து அரசியல் பேசுகிற வேலை. இந்த வேலையை இன்டர்நெட் இல்லாத காலத்துல, 1935-லிருந்து 1957 வரைக்கும் 22 வருஷம் செஞ்சவர் கலைவாணர். அந்தக் கணக்குல அவர் நமக்கு சீனியர். சீனியர் எப்படி வேலை பார்த்தார்னு தெரிஞ்சுக்கிறது நமக்கு நல்லது.

🔴 நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு

1908-இல், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர். அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். வறுமையான குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு முடிஞ்சது. அதுக்கப்புறம் டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடுகிற வேலை, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கிற வேலை. தின்பண்டத் தட்டைத் தூக்கிக்கிட்டு நாடகம் பார்த்த பையனுக்கு மேடை மேல ஆசை வந்தது. சொந்த ஊர்க் கலையான வில்லுப்பாட்டைக் கத்துக்கிட்டார். பின்னாளில் அவர் கதை சொன்ன விதத்துல அந்த வில்லுப்பாட்டு கடைசிவரை இருந்தது. பாடிக்கிட்டே வந்து, நடுவுல நிறுத்தி, ஊர்ப் பேச்சுல ஒரு விளக்கம் சொல்லி, மறுபடி பாட்டுக்குப் போற அந்தப் பாணி அங்கேருந்து வந்ததுதான்.

அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்துல பாய்ஸ் கம்பெனிதான் ஏழை வீட்டுப் பசங்களுக்கு ஹாஸ்டல், காலேஜ் எல்லாம். சாப்பாடு உண்டு, தூங்க இடம் உண்டு, பாட்டும் வசனமும் நடிப்பும் சொல்லித் தருவாங்க. கலைவாணர் அங்கதான் தேறினார்.

சினிமா பேச ஆரம்பிச்ச கையோட அதுக்குள்ள வந்துட்டார். டி.கே.எஸ். குழுவின் நாடகம் படமான 'மேனகா' 1935-இல் வந்தது. அதில் இருந்தார். அடுத்த வருஷம் 'சதி லீலாவதி'. எல்லிஸ் ஆர்.டங்கன் என்கிற அமெரிக்கர் இயக்கியது, கதை எஸ்.எஸ்.வாசன். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். குடியால் ஒரு குடும்பம் சீரழிவதைச் சொன்ன கதை. அதே 1936-இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போன இடத்தில் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். ரெண்டு பேரும் வாழ்க்கையிலும் திரையிலும் ஜோடி ஆனாங்க.

பிறகு வரிசையா 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'சகுந்தலை', 'அசோக்குமார்', 'கண்ணகி', 'சிவகவி', 'ஹரிதாஸ்'. ஹீரோ பாகவதராக இருக்கலாம், பி.யு.சின்னப்பாவாக இருக்கலாம். கூட என்.எஸ்.கே. - மதுரம் இருக்காங்களா என்பதுதான் விநியோகஸ்தர்கள் கேட்ட கேள்வி. புராணப் படமா, ராஜா ராணிப் படமா என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. கதைக்கு நடுவே ஒரு தனி நகைச்சுவைப் பகுதி இருக்கும். அதை எழுதுவது, ஆள் சேர்ப்பது, எடுப்பது எல்லாம் பெரும்பாலும் கலைவாணரும் அவர் குழுவும்தான். பாட்டு வேணும்னா பக்கத்துல உடுமலை நாராயணகவி இருப்பார். இன்னைக்கு நம்ம பாஷையில சொன்னா, அவர்கிட்ட சொந்தமா ஒரு 'கண்டென்ட் டீம்' இருந்தது.

🔴 அந்தச் சிரிப்பில் முட்டாள் யார்?

அவர் காட்சிகளை வரிசையா பார்த்தா ஒரு விஷயம் கவனிக்கலாம். பெரும்பாலும் அதில் ஏமாறுகிறவர், மாட்டிக்கொள்கிறவர், பல்பு வாங்குகிறவர் கலைவாணரேதான். புத்திசாலியாக நின்று பதில் சொல்வது மதுரம் அம்மா. பெண்கள் சினிமாவில் நடிப்பதையே தப்பாகப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு நட்சத்திர நடிகர், மனைவி கேட்கிற கேள்விக்கு பதில் தெரியாமல் திணறி, கடைசியில் தோத்துட்டு நிற்பார். கொட்டகை முழுக்கச் சிரிக்கும். சிரிச்ச ஆம்பளைங்க வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போனாங்க.

அவர் கேலி செய்தது எதையெல்லாம்? குடியை, மூடநம்பிக்கையை, போலிச் சாமியாரை, ஜாதித் திமிரை, பணத்திமிரை. கூலிக்காரரை, கறுப்பானவரை, படிக்காதவரை வைத்துப் பிழைப்பு நடத்தவில்லை. அவரே படிக்காதவர்தானே!

இதை சும்மா நல்லவர் வேஷம்னு நினைச்சிடாதீங்க. இதுக்குள்ள ஒரு தொழில்நுட்பம் இருக்கு. "நீ முட்டாள்"னு நேரா சொன்னா எதிர்ல இருக்கிறவன் காதை மூடிக்குவான். "நான் எவ்வளவு முட்டாளா இருந்திருக்கேன் பாரு"ன்னு சொன்னா, அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிச்சு முடிச்ச பிறகுதான் அது தன்னைப் பத்தியும்னு புரியும். பகுத்தறிவு பேசிய பலர் கல்லடி வாங்கிய காலத்தில், அதே கருத்தைப் பேசிக் கலைவாணர் கைதட்டல் வாங்கினது இப்படித்தான்.

🔴 கிந்தனார்: ரயிலேறிப் படித்த பையன்

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு 'கிந்தனார்' காலட்சேபம். பேரைக் கேட்டாலே தெரியும், நந்தனார் சரித்திரத்தின் பாணியில் செய்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை அன்றைக்கு எல்லோருக்கும் அத்துப்படி. காலட்சேபமாக, நாடகமாக, படமாகப் பல தடவை வந்தாச்சு. சேரியில் பிறந்த நந்தன் சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஆண்டை தடுக்கிறார். கடைசியில் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிகிறது.

கலைவாணர் அதே அச்சில் வேறொரு கதையை வார்த்தார். கிந்தனும் சேரியில் பிறந்தவன்தான். ஆனால் அவன் போக நினைப்பது பள்ளிக்கூடத்துக்கு. ஊரில் படிக்க விடவில்லை. ரயிலேறிச் சென்னை போகிறான், படிக்கிறான், தேறுகிறான். பள்ளிக்கூடங்களைச் சோதனை போடுகிற இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். எந்தப் படிப்பு உனக்கு இல்லைன்னு சொன்னாங்களோ, அந்தப் படிப்பையே மேற்பார்வை பார்க்கிற அதிகாரி!

யோசிச்சுப் பாருங்க. நந்தனை உள்ளே விட நெருப்பு தேவைப்பட்டது. கிந்தனுக்கு ஒரு ரயில் டிக்கெட்டும் பாடப் புத்தகமும் போதும். நந்தனாரை ஒரு வார்த்தை குறைச்சுப் பேசல. பக்தரைக் கேலி பண்ணல. காலட்சேபம் கேட்க வந்து உட்கார்ந்த ஆத்திகர் யாரும் எழுந்து போகல. ஆனா சிரிச்சுக்கிட்டே வெளியே வரும்போது, 'அந்தப் பிள்ளைய ஏன் படிக்க விடக்கூடாது?' என்கிற கேள்வி மனசுல இருக்கும்.

நான் பி.இ. சேர்ந்தப்போ முதல் பட்டதாரி சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் வாசல்ல நின்னவன். எங்க வீட்ல எனக்கு முன்னாடி யாரும் டிகிரி வாங்கினதில்ல. என்கூட வரிசையில நின்ன எல்லார் வீட்டுக் கதையும் அதேதான். கிந்தனார் கதையை முதல் தடவ கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்ததைவிட, 'இது நம்ம கதையாச்சே'ன்னுதான் தோணுச்சு. இட ஒதுக்கீடு, கட்டணச் சலுகை, சத்துணவு, இலவச பஸ் பாஸ்னு இன்னைக்கு நாம பேசுற எல்லாத்தையும், நாலாம் வகுப்பு படிச்ச ஒரு மனுஷர் ஒரே ஒரு கதையில அன்னைக்கே சொல்லிட்டார்.

🔴 அவதூறும் சிறையும்

இப்போ சொல்லப்போறது நம்ம அணி ரெண்டு தடவ படிக்க வேண்டிய பகுதி.

1940-களில் சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்று ஒருவர் பத்திரிகை நடத்தினார். முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்'. வேலை என்ன? நடிகர் நடிகைகளின், ஊர்ப் பெரிய மனிதர்களின் அந்தரங்கத்தை எழுதுவது. உண்மை எது, கற்பனை எது என்று யாருக்கும் தெரியாது. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தாங்க. மக்கள் திட்டிக்கிட்டே வாங்கிப் படிச்சாங்க. பத்திரிகை நல்லா வித்தது.

1944 நவம்பர் 8 அன்று ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதர், கலைவாணர், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பாகவதரும் கலைவாணரும் அப்போது புகழின் உச்சத்தில் இருந்தார்கள். அந்த வருஷ தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. 1945 மே மாதம் தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம் முதல் மேல்முறையீட்டில் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், மறு விசாரணைக்குத் திரும்பி வந்தது. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறைவாசம் முடிஞ்சு போயிருந்தது. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றைக்கு வரைக்கும் விடை தெரியாத கேள்விதான்.

இங்கே ஒன்றைத் தெளிவா சொல்லிடணும். லட்சுமிகாந்தன் எழுதியது எவ்வளவு கேவலமா இருந்தாலும், அதுக்குக் கத்தி பதில் கிடையாது. எழுத்துக்கு பதில் எழுத்து, அல்லது நீதிமன்றம். அதே சமயம், அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதுவதற்குப் பேர் பத்திரிகைத் தொழிலும் கிடையாது. அந்த மஞ்சள் எழுத்திலிருந்து ஆரம்பிச்ச விஷயம் ஒரு உயிரைக் குடிச்சது, ரெண்டு பெரிய கலைஞர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது.

அன்றைக்கு அந்தப் பத்திரிகையை அச்சடிக்கக் காகிதம் வேணும், உரிமம் வேணும், கடையில் போட ஆள் வேணும். இன்றைக்கு ஒரு போனும் ஒரு போலி ஐ.டி.யும் போதும். "பிரபல தலைவரின் மகள்..."னு ஆரம்பிக்கிற ஸ்கிரீன்ஷாட் எத்தனை நம்ம குரூப்ல வருது? யாரோ ஒரு பெண்ணோட போட்டோவை எங்கேயோ எடுத்து, எதையோ எழுதி, "தகவல் உண்மையா தெரியல, வந்ததை அப்படியே போடுறேன்"னு அனுப்புறாங்க. தோழர், 'வந்ததை அப்படியே போடுறது'க்கு அந்தக் காலத்துப் பேருதான் இந்து நேசன்.

🔴 வெளியே வந்தவர் என்ன செய்தார்?

சிறையில் இருந்த காலத்தில் மதுரம் அம்மா உடைஞ்சு உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். வழக்குச் செலவுக்கும், குழுவை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் அதுதான் ஆதாரம். 'பைத்தியக்காரன்' படத்தை எடுத்தார்கள். விடுதலையாகி வந்த கலைவாணருக்கும் அதில் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. 1947-இல் படம் வந்தது. எம்.ஜி.ஆரும் அதில் நடித்திருந்தார். கலைவாணரைப் பத்தி பேசுற இடத்துல எல்லாம் மதுரம் அம்மா பேரும் வரணும். அவங்க இல்லைன்னா அந்த ரெண்டாவது இன்னிங்ஸே இல்லை.

பாகவதரால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. அந்தத் துயரம் தமிழ் சினிமாவுக்கே தெரியும். கலைவாணர் திரும்பினார். வந்தவர் பழிவாங்கும் படம் எடுக்கவில்லை. தன்னை உள்ளே தள்ளினவங்க, கைவிட்டவங்க யாரையும் மேடையில் வறுத்தெடுக்கவில்லை. பழையபடி சிரிக்க வைத்தார். அதே காலத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியார் கையால் 'கலைவாணர்' பட்டம் கிடைத்தது.

1948-இல் காந்தியார் கொல்லப்பட்டார். நாகர்கோவிலில் சொந்தச் செலவில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பினார் கலைவாணர். அடுத்த வருஷம், 1949-இல், அறிஞர் அண்ணா எழுத்தில் 'நல்லதம்பி' எடுத்தார். ஃபிராங்க் காப்ராவின் ஹாலிவுட் படம் ஒன்றின் கதையைத் தழுவி, மதுவிலக்கு, கல்வி, ஜமீன் சொத்தை மக்களுக்குப் பயன்படுத்துவது என்று தமிழ் மண்ணுக்கு மாற்றிய படம். கிந்தனார் காலட்சேபத்தை இன்றைக்கு நாம திரையில் பார்க்க முடிவது இந்தப் படத்தால்தான். 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தார். அதே ஆண்டு 'மணமகள்' படத்தை இயக்கினார். 1952-இல் 'பணம்'. ரெண்டுக்கும் வசனம் கலைஞர். 'பணம்' சிவாஜிக்கு இரண்டாவது படம்.

காந்திக்குத் தூண், அண்ணாவோடு படம், ரஷ்யாவுக்குப் பயணம். இந்த மனுஷரை ஒரு டப்பாவுக்குள் அடைக்க முடியாது. "அவரா, எங்க ஆளு"னு எல்லோரும் சொல்லலாம், எல்லோரும் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

🔴 காஞ்சிபுரத்துப் பிரச்சாரம்

1957 தேர்தல். காஞ்சிபுரத்தில் அண்ணா வேட்பாளர். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பேர் வாங்கிய ஒரு டாக்டர். அண்ணாவுக்காகப் பிரச்சாரம் செய்யக் கலைவாணர் வந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை கட்சி மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. நம்ம ஊர் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க.

மேடையேறியவர் அண்ணாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். எதிர் வேட்பாளரான டாக்டரைப் புகழ ஆரம்பித்தாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர், இந்த ஊருக்குக் கிடைத்த வரம் என்று. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையில் இருந்தவர்கள் முகம் மாறியதாம். கடைசியில்தான் சொன்னாராம், இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அவசரத்துக்கு உங்களுக்கு ஊசி போடுவது யார், டாக்டர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள் என்று. அண்ணா அந்தத் தேர்தலில் வென்று சட்டமன்றம் போனார்.

மேடைக் கதைதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்திச் சொல்வாங்க. ஆனா எழுபது வருஷம் கிட்ட ஆகப்போகுது, இன்னும் சொல்றாங்களே, ஏன்? டாக்டரோட ஆதரவாளர்கூட கேட்டுட்டுச் சிரிச்சிருப்பார். தோத்தவருக்கும் அவமானம் இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் தலைகுனிய வேண்டிய ஒரு வார்த்தை அதில் இல்லை. ஓட்டு மட்டும் இந்தப் பக்கம் வந்துடுச்சு. நம்மில் யாராவது கடைசியா போட்ட பத்து மீமை எடுத்து, இந்த ஒரு பேச்சுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

🔴 அவரைச் சாமியாக்க வேண்டாம்

புகழ்ந்து எழுதும்போது மனுஷரை மகானாக்கிடுற பழக்கம் நமக்கு உண்டு. கலைவாணரே அதைக் கேட்டா சிரிப்பார். மதுரத்தை மணக்கும்போது அவர் ஏற்கெனவே திருமணமானவர். அந்தக் காலத்துக்கு அது சாதாரணம், இன்றைய கண்ணுக்குக் கேள்விதான். அவர் படங்களில் இன்றைக்குப் பொருந்தாத வசனங்களும் இருக்கலாம்.

காசு விஷயத்திலும் அப்படித்தான். கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை. வருமான வரி அதிகாரி ஒருவர் இவர் தர்மக் கணக்கை நம்பாமல், ஏழை போலப் போய்க் கேட்டுச் சோதித்துப் பார்த்து அசந்துபோனார் என்றுகூட ஒரு கதை உண்டு. கேட்கும்போது பெருமையா இருக்கு. ஆனா அவ்வளவு சம்பாதித்தவர் கடைசிக் காலத்தில் பண நெருக்கடியில்தான் இருந்தார். 1957 ஆகஸ்ட் 30 அன்று, சென்னை பொது மருத்துவமனையில், 48 வயதில் இறந்துபோனார். கொடுத்தவரைப் புகழ்வதோடு, கலைஞர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் ஏன் முக்கியம் என்பதையும் இங்கிருந்துதான் நாம பேசணும். தனிமனித வள்ளல்தனம் ஒரு ஆளோட முடிஞ்சிடும். திட்டமா வந்தா நிலைக்கும்.

🔴 சரி, நமக்கு என்ன?

சில மாதமா எல்லாக் கட்சி குரூப்களிலும் ஓடுகிற டிரெண்டைப் பாருங்க. எதிர்க்கட்சிக்காரர் இங்கிலீஷ் தப்பா பேசினார்னு ஒரு கிளிப். ஒருத்தர் பத்தாவது ஃபெயில்னு ஒரு கார்டு. ஒருத்தர் நடையை, ஒருத்தர் நிறத்தை, ஒருத்தர் வீட்டுப் பெண்களை வெச்சு ரீல்ஸ். லைக் கொட்டுது.

இங்கிலீஷ் தப்பா பேசுறவரைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நம்ம அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? நம்ம கிளைச் செயலாளர்ல எத்தனை பேர் பத்தாவது தாண்டினவங்க? போஸ்டர் ஒட்டி, பூத்துல உட்கார்ந்து, கொடிக்கம்பம் நட்ட மனுஷங்கள்ல பாதிப் பேர் படிப்பை நாலாவதுலயோ எட்டாவதுலயோ விட்டவங்க. அவங்க போன்லயும் நம்ம மீம் போகும். 'படிக்காதவன்' என்பது நம்ம கட்சியிலயே திட்டு வார்த்தைதான் போல என்று அவர் நினைச்சுக்க மாட்டாரா? கிந்தனாரைக் கொண்டாடிக்கிட்டே, அடுத்த போஸ்ட்ல படிக்காதவரைக் கேலி பண்ண முடியாது.

உடனே ஒரு கேள்வி வரும். "அவங்க மட்டும் பண்ணலாமா? நாம மட்டும் டீசென்டா இருந்தா ரீச் வருமா?" நியாயமான கேள்விதான். எதிர்த்தரப்பு நம்ம தலைவர்களை, நம்ம பெண் தோழர்களை எவ்வளவு கேவலமா எழுதுதுன்னு தினமும் ரிப்போர்ட் அடிக்கிறவங்க நாமதான். கோபம் வரும்.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஆபாச ட்ரோல் ரெண்டு நாள் ஓடும். பார்க்கிறவன் ஏற்கெனவே நம்ம ஆளு. நடுவுல நிக்கிற வோட்டர், குறிப்பா பெண்கள், "இவங்களும் அவங்களும் ஒண்ணுதான்"னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க. எதிரணிக்கு வேண்டியதும் அந்த முடிவுதான். 'எல்லாரும் ஒண்ணுதான்'னு மக்கள் நினைச்சுட்டா, கொள்கை பேசுற நமக்குத்தான் நஷ்டம்.

அதனால ஒரு வேண்டுகோள். இது தலைமையின் அறிவிப்பு கிடையாது. உங்ககூட நைட் ரெண்டு மணி வரைக்கும் டிசைன் பண்ணிட்டு இருக்கிற ஒரு தன்னார்வலர் கேட்கிறது.

✅ உடம்பு, நிறம், ஊனம், ஜாதி, வட்டார வழக்கு, படிப்பு, வீட்டுப் பெண்கள்: இதையெல்லாம் வெச்சு ஒரு போஸ்ட்கூட நம்ம பக்கத்துலருந்து வேண்டாம்.

✅ சொன்னது யார், எந்தத் தேதி, முழு வீடியோ எங்கே? இந்த மூணுக்கும் பதில் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். நமக்குச் சாதகமா இருந்தாலும் வேண்டாம்.

✅ கேலி பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. விலைவாசியை, நிறைவேறாத வாக்குறுதியை, முன்னுக்குப் பின் முரணான பேச்சை, அதிகாரத் திமிரை. அதுக்கு மேட்டர் நாட்டுல குறைவே இல்லை.

✅ முடிஞ்சா, முட்டாளா நம்மளையே நிக்க வைங்க. கலைவாணர் டெம்ப்ளேட் அதுதான். இன்னும் வேலை செய்யும்.

✅ எதிர்த்தரப்பில் ஒருவர் நல்லது செய்தால் ஒரு வரி பாராட்டுங்க. அடுத்த வரியில நம்ம கருத்தை வைங்க. காஞ்சிபுரத்து டாக்டரை மறந்துடாதீங்க.

கடைசியா ரெண்டு தகவல்.

1969 ஜனவரியில், உடல்நலம் மிகவும் குன்றியிருந்த நிலையில், முதலமைச்சர் அண்ணா வந்து சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது என்று சொல்வார்கள். அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா மறைந்தார்.

கொரோனா காலத்தில், இடைவெளி விட்டு உட்கார கோட்டையில் இடம் போதவில்லை என்று தமிழ்நாடு சட்டமன்றம் கூடியது எங்கே தெரியுமா? கலைவாணர் அரங்கத்தில். நாலாம் வகுப்போடு படிப்பு நின்ற, கொட்டகையில் தின்பண்டம் விற்ற, ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்த ஒரு நகைச்சுவை நடிகர் பெயர் தாங்கிய கட்டடத்தில் உட்கார்ந்துதான் இந்த மாநிலத்துக்குச் சட்டம் இயற்றினார்கள்.

இன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் ரீல்ஸை மூடி வெச்சுட்டு 'நல்லதம்பி' பாருங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கூட உட்கார வைங்க. கிந்தனார் பகுதி வரும்போது அவங்க முகத்தைப் பாருங்க. பார்த்துட்டு உங்களுக்குப் பிடிச்ச கலைவாணர் காட்சி எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. நல்லா இருக்கிறதை எடுத்து, அடுத்த வாரம் நம்ம பக்கத்துலயே வரிசையா போடலாம்.

கலைவாணர் புகழ் ஓங்குக!

- தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#கலைவாணர் #என்எஸ்கே #கிந்தனார் #நல்லதம்பி